பரம்பரையும் பத்தியமும்

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த மலைப் பிரதேசத்திலும் நீரிழிவுக்கோ உடற்பருமனுக்கோ மருந்து தேடிச் செல்வோரின் காதில் இரண்டு சொற்கள் மாறி மாறி விழுகின்றன. ஒன்று பரம்பரை, மற்றது பத்தியம். 'தாய்க்கு இருந்தது, தாய்மாமனுக்கு இருந்தது, உனக்கும் வந்தது' என்பது முதற் சொல்லின் பொருள். 'சோற்றைக் குறை, மாவைக் குறை, இனிப்பை விடு, பாரத்தை இறக்கு' என்பது இரண்டாவது சொல்லின் பொருள். முதற் சொல் நோயாளியை விதியின் கையில் ஒப்படைக்கின்றது. இரண்டாவது சொல் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றது. ஒரே மனிதன் விதியின் கைதியாகவும் தன் நோய்க்குத் தானே காரணனாகவும் ஒரே வேளையில் இருப்பதெப்படி என்று எவரும் கேட்பதில்லை. இவ்விரு சொற்களுக்கும் நடுவே ஒரு வரலாறு கிடக்கின்றது. அதில் இரட்டைப் பிள்ளைகள் வருகின்றனர். அமெரிக்கப் பாலைவனத்து ஆற்று மக்கள் வருகின்றனர். கோப்பித் துரைமாரும் அரிசி மூடைகளும் கோதுமை மாவும் வருகின்றன. அவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

பரம்பரை என்று ஒன்று உண்டா? உண்டு. அதை மறுப்பது முற்போக்காகாது. நம்மவரிற் சிலர் அச்சொல்லைக் கேட்டவுடனேயே இது பிற்போக்காளரின் சூழ்ச்சி என்று முகஞ் சுளிப்பர். சோவியத் நாட்டில் லைசெங்கோ என்பவர் பரம்பரையியலை முதலாளித்துவப் பொய் என்று தூற்றி, 1948ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் ஆதரவோடு அதைப் பள்ளிகளிலிருந்தே துரத்தினார். அதற்கு முன்பே, பயிர் வித்துக்களைத் தேடி உலகமெல்லாம் அலைந்த வாவிலோவ் என்ற மாபெரும் விஞ்ஞானி 1943ஆம் ஆண்டில் சரத்தோவ் சிறையிற் பட்டினியால் மாண்டார். இக்கதையை இடதுசாரிகளாகிய நாம் மறக்கலாகாது. பிடிக்காத உண்மையை விரட்டினால் அது போய்விடுவதில்லை, விளைச்சல்தான் போய்விடுகின்றது.

உண்மை என்ன சொல்கின்றது? கனடாவிலே, கியூபெக்கிலுள்ள லாவால் பல்கலைக்கழகத்தில் குளோட் பூசார் என்பவரும் அவரது கூட்டாளிகளும் நடத்திய ஒரு பரிசோதனை 1990ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் பன்னிரண்டு சோடி, ஆக 24 இளைஞரை, அவர்கள் ஓரிடத்தில் வைத்துப் பராமரித்தனர். 100 நாட்களில் 84 நாட்கள், அவரவர் உடலின் தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1000 கலோரி வீதம் கூடுதலாக ஊட்டினர். எல்லோருக்கும் ஒரே அளவு மிகையுணவு. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓய்வு. ஆயினும் ஒருவன் 4.3 கிலோகிராம் மட்டுமே பெருத்தான், இன்னொருவன் 13.3 கிலோகிராம் பெருத்தான். சராசரி 8.1. இதைவிட முக்கியமானது யாதெனில், ஒரு சோடியைச் சேர்ந்த இருவரும் ஏறத்தாழ ஒரே அளவில் பெருத்தனர் என்பதுதான். சோடிக்கும் சோடிக்கும் இடையே இருந்த வேறுபாடு, சோடிக்குள் இருந்த வேறுபாட்டைப் போல் மும்மடங்கு. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1994இல், ஏழு சோடி இரட்டையரைக் கொண்டு எதிர்மாறான பரிசோதனை நடைபெற்றது. உணவைக் கூட்டாமல் குறைக்காமல், 93 நாட்கள் உடற்பயிற்சி செய்வித்தனர். சராசரியாக 5 கிலோகிராம் கரைந்தது. அங்கும் இரட்டையர் இரட்டையராகவே இளைத்தனர்.

ஒரே பானைச் சோற்றை உண்டு வளர்ந்த அண்ணன் தம்பியரில் ஒருவன் தூணாகவும் மற்றவன் துரும்பாகவும் நிற்பதை நம் வீடுகளிற் காண்கின்றோம். தடித்தவனைச் சோம்பேறி என்றும் தீனிப்பண்டாரம் என்றும் ஏசுகின்றோம். பூசாரின் இரட்டையர்கள் அந்த ஏச்சு எவ்வளவு அநியாயமானது என்பதற்குச் சாட்சி. பள்ளிக்கூடங்களில் தடித்த பிள்ளைகளைப் பட்டப்பெயரிட்டு அழைக்கும் ஆசிரியப் பெருமக்கள் இந்த 24 பேரைச் சற்று நினைத்துக்கொள்ளல் நலம்.

அப்படியானால், அவரவர் பரம்பரையைப் பரிசோதித்து அவரவர்க்கேற்ற பத்தியத்தை எழுதிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். விஞ்ஞானிகளுக்கும் அப்படித்தான் தோன்றிற்று. 2007ஆம் ஆண்டில் எப்.ரி.ஓ. எனப் பெயரிய பரம்பரையலகு ஒன்றுக்கும் உடற்பருமனுக்கும் உள்ள தொடர்பு கண்டறியப்பட்டது. அதன் பருமனாக்கும் வடிவத்தைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரு பிரதிகளாகப் பெற்றவர்கள், ஒரு பிரதியும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோகிராம் அளவு பாரம் கூடியவர்கள். உலகமே ஆரவாரித்தது. ஆனால் எட்டுப் பரிசோதனைகளில் ஈடுபட்ட 9563 பேரின் விவரங்களைத் திரட்டி 2016இல் வெளியிட்டபோது, அப்பரம்பரையலகை உடையவர்களும் இல்லாதவர்களும் பத்தியத்தினால் ஒரே அளவிலேயே இளைத்தனர் என்று தெரியவந்தது. பெருக்க வைக்கும் பரம்பரையலகு, இளைப்பதற்குத் தடையாக நிற்கவில்லை.

2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்தோபர் கார்ட்னர் குழுவினர் இதே கேள்வியை நேருக்கு நேர் கேட்டனர். 609 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொழுப்புக் குறைந்த உணவையும், மறு பகுதியினருக்கு மாப்பொருள் குறைந்த உணவையும் ஓராண்டு கொடுத்தனர். மாப்பொருளைக் குறைப்பது சிலர்க்கும் கொழுப்பைக் குறைப்பது சிலர்க்கும் பொருந்தும் என்று முன்னர்க் கருதப்பட்ட பரம்பரைக் குறிகளையும் ஒவ்வொருவரிடமும் பார்த்து வைத்திருந்தனர். ஓராண்டு முடிவில் முதற் பகுதியினர் சராசரி 5.3 கிலோகிராமும், இரண்டாம் பகுதியினர் 6.0 கிலோகிராமும் இழந்தனர். சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் ஆளுக்கு ஆள்? ஒருவர் ஏறக்குறைய 30 கிலோகிராம் இழந்தார்; வேறொருவர் 10 கிலோகிராம் அளவுக்குக் கூடிவிட்டார். ஒரே பத்தியம், மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு! அந்த வேறுபாட்டைப் பரம்பரைக் குறிகளால் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததா என்றால், இல்லை.

உடற்பாரத்தில் ஒரு பரம்பரையலகு அல்ல, பல நூறு பரம்பரையலகுகள் கைவைக்கின்றன. ஒவ்வொன்றின் கையும் மிகச் சிறியது. எனவே பரம்பரைக்குப் பங்குண்டு என்பதும் மெய். இன்னாருக்கு இன்ன பத்தியம் என்று பரம்பரையைப் பார்த்துச் சொல்லும் வித்தை இன்னும் கைகூடவில்லை என்பதும் மெய். இதை அறிந்தும், எச்சிலைத் துடைத்து அனுப்பினால் உங்கள் இரத்தத்துக்கேற்ற உணவுப் பட்டியலை அனுப்புகின்றோம் என்று கூவி விற்கும் கம்பெனிகள் உலகெங்கும் முளைத்திருக்கின்றன. கிரகத்தைப் பார்த்துச் சாதகம் எழுதியவனுக்கு ஓர் ஓலையும் எழுத்தாணியுமே மூலதனம். இவர்களுக்கு ஆய்வுகூடம் இருக்கின்றது என்பதொன்றே வேறுபாடு.

இதுவரை சொன்னது தனி மனிதர்களின் கதை. ஒரு முழு மக்கட் கூட்டமே நோயுறும்போது பரம்பரை என்ற சொல் வேறொரு வேடம் பூணுகின்றது. 1962ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்கப் பரம்பரையியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆதி மனிதன் பசியும் பஞ்சமுமாக வாழ்ந்தவன். கிடைத்த வேளையில் உண்டதைக் கொழுப்பாகச் சேமித்துவைக்கும் சிக்கனப் பரம்பரை உடையவனே பிழைத்தான். உணவு மலிந்த இக்காலத்தில் அச்சிக்கனமே அவனுக்கு நீரிழிவாக முடிகின்றது என்றார் அவர். அழகான கருத்து; அழகாக இருப்பதனாலேயே எல்லோரும் அதைப் பற்றிக்கொண்டனர். தென்னாசியருக்கு நீரிழிவு மலிந்திருப்பதற்கும் இதுவே காரணம் என்று மேடைதோறும் பேசப்பட்டது.

இக்கருத்துக்கு உதாரணமாக எப்போதும் நிறுத்தப்பட்டவர்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீமா மக்கள். தம்மை 'ஆற்று மக்கள்' என்று அழைத்துக்கொள்ளும் இவர்கள் கீலா ஆற்று நீரைப் பாய்ச்சிச் சோளமும் அவரையும் விளைவித்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக் குடியேற்றக்காரர் அந்த ஆற்றை மேலே மறித்துத் திருப்பினர். வயல்கள் காய்ந்தன, பஞ்சம் வந்தது, பின்னர் அரசாங்கம் கோதுமை மாவையும் பன்றிக் கொழுப்பையும் சீனியையும் நிவாரணமாகக் கொடுத்தது. அம்மக்களின் இனத்தவர் ஒரு பகுதியினர் எல்லைக்கப்பால் மெக்சிக்கோவின் மலைகளில் உழுதுண்டு வாழ்கின்றனர். 2006இல் வெளியான ஆய்வின்படி, அரிசோனாப் பீமாக்களில் 100க்கு 38 பேருக்கு நீரிழிவு. மெக்சிக்கோப் பீமாக்களில் 100க்கு 7 பேருக்கும் குறைவு. இரத்தம் ஒன்று, ஆறு வேறு.

ஆற்றைப் பறிகொடுத்தவர்களின் கதையை அறிந்த நாம் காட்டைப் பறிகொடுத்தவர்களின் கதைக்கு வருவோம்.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், தாம் தப்பிச் சென்றபின் 1681இல் வெளியிட்ட நூலில் கண்டி மக்களின் உணவை விரிவாக எழுதியிருக்கின்றார். சோறே பிரதானம், அதற்கு உப்பும் கீரையும் சிறிது புளியும் இருந்தாற் போதும் என்று அமைதியுறும் மக்களை அவர் கண்டார். நெல்லோடு குரக்கனும் மலைச்சாரற் சேனைகளில் விளைந்ததை அவர் குறிப்பிடுகின்றார். (கைதியாக இருந்த அந்த மனிதர் கண்டிக்கண்மையில் நிலம் வாங்கி, ஊராருக்கு நெல்லைக் கடன் கொடுத்து நூற்றுக்கு ஐம்பது வட்டி வாங்கிச் சீவித்தார் என்பதையும் அவரே எழுதிவைத்திருக்கின்றார். உணவின் வரலாற்றை எழுதுபவனும் உணவில் இலாபம் காண்பவனாக இருப்பது அன்றே தொடங்கிவிட்டது.)

1815இல் கண்டி வீழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், சொந்தமென்று பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் சேனையும் முடிக்குரியவை என்று பிரகடனம் செய்தது. கண்டி விவசாயியிடம் பத்திரம் ஏது? அவன் பாட்டன் வெட்டிய காட்டை அவன் வெட்டினான், அவ்வளவுதான். 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலைக்கு அந்நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களிற் பலர் அரசாங்க உத்தியோகத்தர்களே! குரக்கன் விளைந்த சேனையும் மாடு மேய்ந்த சரிவும் கோப்பித் தோட்டமாயின. அதன் விளைவைக் கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவின் 1951ஆம் ஆண்டு அறிக்கையிற் படித்துக்கொள்ளலாம். நூறாண்டுக்குப் பின்னும் நிலமற்றவர்களின் புலம்பலாகவே அது ஒலிக்கின்றது.

அக்கோப்பித் தோட்டங்களுக்கு உழைக்க வந்தவர்கள் நம் மக்கள். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய வரண்ட சீமைகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தவர்கள். வழியில் இறந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் மலையேறினர். ஊரிலே கம்பும் கேழ்வரகும் சோளமும் உண்டவர்கள், இங்கே கப்பலில் வந்திறங்கிய அரிசிக்கு அடிமையாயினர். அரிசி தோட்டத்திலேயே கொடுக்கப்பட்டது. அதன் விலை சம்பளத்தில் வெட்டப்பட்டது. உழைப்பாளி என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதைக் கங்காணியும் துரையும் தீர்மானித்தனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. பயிர் மாறியது, அரிசிக் கணக்கு மாறவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டங்கூடக் கூலியையும் அரிசியையும் பிரிக்க முடியாமல் ஒன்றாகவே பேசிற்று.

பின்னர் 1942 வந்தது. சப்பானியரிடம் பர்மா வீழ்ந்ததும் இலங்கைக்கு அரிசி வரும் வழி அடைபட்டது. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. அது போகாததற்குக் காரணம் சுவையல்ல. விடியுமுன் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டிய பெண்ணுக்குச் சோறும் கறியும் ஆக்க நேரமேது? பிசைந்து தட்டிச் சுட்ட ரொட்டியும், சிறிது சம்பலும், சீனி போட்ட சாயத் தண்ணீரும் அவள் காலையுணவாயின. அதையே மலைக்குக் கட்டிக்கொண்டு போகவும் முடிந்தது. 1953 ஆகஸ்டில் அரசாங்கம் கொத்தரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தியபோது நாடே ஹர்த்தாலில் நின்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் மரண விகிதம் ஏறிற்று. 1979இல் பங்கீட்டரிசி போய் உணவு முத்திரை வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கியது. ஒரு தோட்டத்துப் பாட்டியின் வாழ்நாளுக்குள் அடங்கும் வரலாறு இது.

இப்பின்னணியில் நோயின் கணக்கைப் பாருங்கள். பேராதனை மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு கிராமச் சமூகத்தை 1990இலும் 2000இலும் பரிசோதித்தனர். முதல் முறை 100க்கு 2.5 பேருக்கு நீரிழிவு. இரண்டாம் முறை 8.5 பேருக்கு. பத்தாண்டுகளில் ஒரு கிராமத்தின் பரம்பரை மாறுமா? அவ்வளவு காலத்தில் ஒரு தலைமுறைகூடத் திரும்புவதில்லை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வு வளர்ந்தோரில் 100க்கு 10.3 பேருக்கு நீரிழிவு என்றது; 2018, 2019இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு 23 பேர் என்றது. மாறியது இரத்தமல்ல.

இரத்தத்தின் மீதே பழி போடுவோருக்கு மொரீசியஸ் தீவு நல்ல பாடம். நம் நாட்டைப் போலவே தோட்டத்துக்காகக் கூலிகள் இறக்கப்பட்ட தீவு அது. 1987இல் அங்கே நடந்த ஆய்வில் இந்திய வம்சாவளியினர், ஆபிரிக்கக் கலப்பினத்தவர், சீனர் ஆகிய எல்லோரிலும் நீரிழிவு 100க்கு 10 முதல் 13 வரை என்ற அளவிலேயே காணப்பட்டது. மூன்று வம்சங்களின் இரத்தம். ஒரே தீவின் நோய். அவ்வாண்டில் அத்தீவின் அரசாங்கம் மலிவு விலைச் சமையல் எண்ணெயிற் பெரும்பகுதி பாம் எண்ணெயாக இருந்ததை மாற்றிச் சோயா எண்ணெய் ஆக்கிற்று. 1992இல் பார்த்தபோது மக்களின் இரத்தத்திற் கொலஸ்ட்ரோல் அளவு கணிசமாகக் குறைந்திருந்தது. தனி மனிதனுக்கு எவரும் பத்தியம் எழுதவில்லை. எண்ணெய் ஆலைக்குப் பத்தியம் எழுதினார்கள்.

தென்னாசிய உடலுக்கென்று தனித்தன்மையே இல்லையா? இருக்கின்றது. ஐரோப்பியனைவிட மெலிந்திருக்கும்போதே நமக்கு நீரிழிவு வந்துவிடுகின்றது. அதனாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் ஆசியருக்குப் பருமனின் எச்சரிக்கை அளவைத் தாழ்த்தினர். இதிற் பரம்பரைக்கும் பங்கிருக்கலாம். ஆனால் புனே நகரத்தில் யாஜ்னிக் என்ற மருத்துவர் கண்டதைக் கேளுங்கள். அங்கே பிறந்த சிசுக்களின் சராசரிப் பாரம் 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிற் பிறந்த சிசுக்களின் பாரம் 3.5. புனேச் சிசுவுக்குத் தசையும் உள்ளுறுப்பும் குறைந்திருந்தன. கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தாயின் வயிற்றிலே போதிய ஊட்டம் பெறாத பிள்ளை கொழுப்பைக் காத்துக்கொண்டு பிறக்கின்றது. அப்பிள்ளை நாற்பது வயதிற் கண்டிக் கடைத்தெருவிற் கொத்து ரொட்டி தின்னும்போது அதன் உடல் படும் பாட்டை 'பரம்பரை' என்று எழுதிவிடுகின்றோம். தாய்க்கிருந்த பசியும் பிள்ளைக்கு வருகின்றது. ஆனால் அது பரம்பரையலகின் வழியாக வருவதன்று.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டங்களில் இத்தொகை 32. தோட்டத்துப் பிள்ளை கட்டையாகப் பிறக்கும் சாதி என்று சொல்ல எவருக்கேனும் துணிவுண்டா? நூறாண்டுக்கு முன் துரைமார் சொன்னார்கள்.

பத்தியத்தின் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். ஒன்றும் செய்யாமல் விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. வியப்பு என்னவென்றால், இவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் இளைக்கவேயில்லை. தராசின் முள் அசையாமலே நோய் பின்வாங்கிற்று! நம் மக்களைத் தராசின் மேல் ஏற்றி, முள்ளைக் காட்டித் திட்டும் வைத்தியமுறை இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் உணவைச் சீர்செய்வது என்றால் என்ன? பருப்பு, மீன், முட்டை, கீரை, தீட்டாத தானியம். இவற்றை வாங்குவதற்கு ஒரு கூலி வேண்டும்; ஆக்குவதற்கு ஒரு பொழுது வேண்டும். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது, பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின். மறு ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலையேற்றம் 100க்கு 95ஐத் தொட்டது. கோதுமை மாவே கைக்கெட்டாமற் போன லயங்களில், மாவைக் குறை என்று சொல்லும் பத்தியத் துண்டுப்பிரசுரம் என்ன பொருள்படும்?

பேராதனையிற் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கின்றது. கலஹா, புசல்லாவை, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைத் தோட்டங்களிற் பழைய செக்றோல் புத்தகங்களும் அரிசிக் கணக்குகளும் இன்னும் எங்கேனும் எஞ்சியிருக்கும். யார் பெயருக்கு எத்தனை கொத்து அரிசி கொடுக்கப்பட்டது, எவ்வளவு வெட்டப்பட்டது என்பது அவற்றில் மசியால் எழுதப்பட்டிருக்கும். அப்பெயர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கண்டியின் சிகிச்சை நிலையங்களில் வரிசையில் நிற்கின்றனர். மருத்துவ மாணவன் ஒருவனும் வரலாற்று மாணவி ஒருத்தியும் சேர்ந்து, கறையான் முந்திக்கொள்ளுமுன், அந்த அரிசிக் கணக்கையும் இந்த நீரிழிவுக் கணக்கையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கலாம்.